எள்ளு வெடிக்கும் சத்தம்

ஆச்சி எள்ளைக் கருக்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். 2021 ஜூன் மாதம், அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டு அடுப்படியில். கொரோனா இரண்டாம் அலையில் காய்ச்சல் கண்டு 18 நாள் கட்டிலோடு கிடந்தவள், எழுந்து நடமாட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போது அவளுக்கு 79 வயது. நான் சென்னையிலிருந்து இ-பதிவு போட்டு, காரில் விடிய விடிய வந்து அவளோடு தங்கியிருந்தேன். "சும்மா கெடந்தா கை கால் விழுந்துரும்ட்டி" என்று சொல்லி அன்றைக்கு அவளே அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். உளுந்தம்பருப்புச் சோறு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்.

நான் பட்டாசலில் (கூடத்தில்) மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். குக்கர் விசில் அடிப்பது கேட்டது. அதன் பின்னாலேயே தீய்ந்த வாடை வந்தது. ஏதோ பக்கத்து வீட்டில் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வீட்டில் அந்த வாடை வந்து நான் அறிந்ததே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால், சீனிச்சட்டிக்கு மேலே நீலப் புகை கட்டி நிற்கிறது. ஆச்சி அதன் முன்னால் நின்று அகப்பையால் நிதானமாகக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். (வாணலியை எங்கள் பக்கம் சீனிச்சட்டி என்போம்.) "ஆச்சி, எள்ளு கருகுது!" என்று ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். "கருகுதா?" என்று சட்டியைப் பார்த்தாள். குனிந்து மோந்தாள். இன்னொரு தடவை, முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தாள். அப்புறம் அகப்பையை மேடையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையேட்டி" என்றாள்.

கறுப்பு எள்ளை வறுக்கும்போது கண்ணை நம்ப முடியாது. வறுபட்ட எள்ளும் கறுப்பு, கருகின எள்ளும் கறுப்பு. வெள்ளை எள் என்றால் நிறம் மாறுவது காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு எள்ளுக்கு இரண்டே குறிதான் உண்டு: ஒன்று வாசம், இன்னொன்று சத்தம். ஈரம் உள்ளே ஆவியாகி, தொலியைக் கிழித்துக்கொண்டு படபடவென்று வெடிக்கும். அந்தப் படபடப்பு உச்சத்துக்குப் போய் அடங்க ஆரம்பிக்கிற நேரத்தில் அடுப்பை அணைக்க வேண்டும். அன்றைக்கு மூக்கும் போய்விட்டது, பக்கத்து அடுப்பில் குக்கர் விசில் அடித்ததில் காதும் அடைபட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் 60 வருஷமாக அந்த அடுப்படியில் நின்றவளுக்கு அது அவ்வளவுதான் இல்லை. அன்றைக்குத் துவையல் இல்லாமலே சோற்றைச் சாப்பிட்டோம். ஆச்சி பேசவே இல்லை.

மருத்துவரிடம் காட்டினோம். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு பலருக்கும் இப்படி ஆகிறது, மூக்குக்கும் பயிற்சி உண்டு என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு வாசனைகள். காலையிலும் ராத்திரியிலும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள் மோந்து, அந்த வாசம் முன்பு எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். நாலும் வீட்டிலேயே இருந்தன: பன்னீர் குப்பி, எலுமிச்சைத் தோல், அஞ்சறைப்பெட்டிக் கிராம்பு, நீலகிரித் தைலம். ஆச்சி ஒரு நாள் விடாமல் செய்தாள். ஐந்தாவது மாதத்தில் கிராம்பு லேசாகத் தெரிந்தது. ஆனால் திரும்பி வந்த வேறு சில வாசங்கள் கோணலாக வந்தன. காப்பி, கருகின ரப்பர் மாதிரி நாறியது. வெள்ளைப்பூண்டு வதங்கினால் சாக்கடை வாடை என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இப்படிக் கோணலாவதும் பலருக்கு நேர்வதுதான் என்று மருத்துவர் தைரியம் சொன்னார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், அவர்களைத் தனியாக அடுப்பில் நிற்க விடாதீர்கள். எரிவாயு கசிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் அந்த வாரமே அடுப்படியில் கசிவை அறிந்து சத்தம் போடுகிற கருவி ஒன்றை மாட்டினோம்.

ஒரு நாள் சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்திருக்கும்போது ஆச்சி அவளாகவே சொன்னாள்: "எள்ளு வறுக்கையில எங்க அம்மை பக்கத்துல வந்து நிப்பா. இப்ப வரமாட்டேங்கா." நான் என்ன சொல்வது? மற்றப் புலன்கள் கொண்டுவரும் சேதியெல்லாம் மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தொட்டுத்தான் போகுமாம். வாசம் மட்டும் அந்த வழியைச் சுற்றாமல், உணர்ச்சியும் ஞாபகமும் குடியிருக்கிற பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் ஒரு தாளிப்பு வாசத்தில் இறந்துபோனவர்கள் எழுந்து வருகிறார்கள். இதை நான் முன்பே படித்திருந்தேன். ஆச்சி சொல்லிக் கேட்ட பிறகுதான் மனதில் தைத்தது. அவள் இழந்தது மூக்கை மட்டும் இல்லை.

அதன் பிறகு நான் அவளுக்கு மூக்கானேன். வேலை வீட்டிலிருந்துதான் என்பதால், அந்த வருஷம் முழுக்க மாதத்தில் பாதி நாள் அம்பாசமுத்திரத்தில் இருந்தேன். அவள் கிண்டுவாள், நான் பக்கத்தில் நின்று வாசம் சொல்ல வேண்டும். முதல் நாள் உளுந்து வறுக்கும்போது "நல்ல வாசம் வருது ஆச்சி" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லான்னா எப்படிட்டி? பச்சை வாசம் போயிட்டா? கடலை மாதிரி இருக்கா, பொரி மாதிரி இருக்கா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 36 வயது வரை இந்த வாசங்களுக்கு நடுவிலேயே வளர்ந்திருக்கிறேன், ஒன்றுக்கும் என்னிடம் சொல் இல்லை. ஆச்சியிடம் இருந்தது. வாசம் வேறு, வாடை வேறு, நெடி வேறு. பழைய எண்ணெயிலும் பழைய தேங்காயிலும் வருவது சிக்கு வாடை. மழைக்காலத்தில் டப்பாவுக்குள் கிடந்த பருப்புக்கு மக்கல் வாடை. மிளகாய் வறுபடும்போது மூக்கில் ஏறினால் நெடி, தொண்டையைப் பிடித்தால் கமறல். கமறல் வந்துவிட்டால் மிளகாய் தாண்டிப்போய்விட்டது என்று அர்த்தம். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். நான் மோந்து சொல்லச் சொல்ல, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

உளுந்துக்கு மட்டும் நான் எழுதி வைத்திருப்பது இது. தொலி போகாத கறுப்பு உடைத்த உளுந்தை வெறும் சட்டியில், சிறு தீயில் போட்டதும் சாக்கைப் பிரித்த மாதிரி தூசி வாடை. மூன்றாவது நிமிடத்தில் ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி வைத்த வாசம். அதோடு பச்சை போகிறது. ஆறாவது, ஏழாவது நிமிடத்தில் வறுகடலை வாசம். அங்கே நிறுத்த வேண்டும். தொலி கறுப்பு என்பதால் வெளியே பார்த்துப் பயனில்லை. நாலு பருப்பைக் கையில் எடுத்து உடைந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை முகம் சந்தன நிறத்துக்கு வந்திருக்கும். நிமிடக் கணக்கு உங்கள் அடுப்புக்கும் சட்டிக்கும் தகுந்தபடி மாறும், வாசம் மாறாது.

உளுந்தம்பருப்புச் சோறு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. நான் பெரியவளான 1997இல், குச்சுக்குள் உட்காரவைத்த நாட்களில் எனக்குத் தினமும் இதுதான். நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, "இடுப்புக்குப் பலம்" என்று ஆச்சி உருட்டி உருட்டிக் கொடுப்பாள். தட்டு தனி, பாய் தனி, யாரையும் தொடக்கூடாது. அந்த ஒதுக்கல் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உருண்டையை வாங்க நீட்டின என் கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்ற ஆச்சி கையும், எண்ணெய் வழிந்த அவள் விரலும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. கடைசி நாள், யாரும் பார்க்காதபோது, அவள் என் வாயிலேயே ஊட்டிவிட்டாள்.

செய்கிற விதம் இது. அரிசி ஒரு உழக்கு, வறுத்த தொலி உளுந்து அரை உழக்கு. கிராமில் சொன்னால் அரிசி 280, உளுந்து 140. இரண்டையும் சேர்த்துக் களைந்து, தொலி மிதந்தால் கொட்டிவிடாமல் உள்ளேயே விட்டுவிடுங்கள், வாசமே அதில்தான் இருக்கிறது. 15 பல் வெள்ளைப்பூண்டு, ஒரு சின்னக் கரண்டி வெந்தயம், அதே அளவு சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல், கல் உப்பு 14 கிராம். தண்ணீர் குக்கருக்கு 4 உழக்கு, வெண்கலப் பானை என்றால் 5. எங்கள் வீட்டில் பூண்டைத் தட்டாமல் முழுதாகப் போடுவோம். வெந்ததும் வெண்ணெய் மாதிரி மசியும். குக்கரில் 4 விசில். திறந்ததும் கிண்டக்கூடாது, 10 நிமிடம் மூடி வைத்துவிட்டு அகப்பைக் காம்பால் கிளறிவிட வேண்டும். பருப்பு தனியாகத் தெரிய வேண்டும், ஆனால் வாயில் போட்டால் பல்லுக்கு வேலை இருக்கக்கூடாது. பூண்டு வாடை ஆகாமல் போன பிறகும் ஆச்சி எங்களுக்காக 15 பல்லையும் எண்ணிப் போட்டாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உரித்தாள்.

துவையலுக்கு 50 கிராம் கறுப்பு எள். முதலில் எள்ளைக் களைய வேண்டும், இதை அவசரத்தில் விட்டால் வாயில் மணல் நறநறக்கும். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, மிதக்கும் எள்ளை மட்டும் கையால் அரித்தெடுத்து வடிகட்டியில் போடுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். கால் மணி நேரம் துணியில் பரப்பிவிட்டு அப்புறம் வறுங்கள். ஈரம் துளி இருந்தால் வெடிப்பு பிந்தும், ஆனால் நன்றாகக் கேட்கும். 5 மிளகாய் வற்றல், நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு கைப்பிடித் தேங்காய், இரண்டு பல் பூண்டு, உப்பு. மிளகாயைச் சொட்டு எண்ணெயில் தனியாக வறுக்க வேண்டும், எள்ளோடு சேர்த்துப் போட்டால் நெடியில் எள் வாசம் தெரியாமல் போய்விடும். அரைக்கும்போது எள்ளைக் கடைசியில் போட்டு இரண்டே சுற்று. அதிகம் ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கசக்கும். அம்மியில் அரைத்தால் இந்தக் கவலை இல்லை, ஆனால் இப்போது யார் வீட்டில் அம்மி புழங்குகிறது?

கிராம் கணக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஆச்சியிடம் இருப்பது பித்தளை உழக்கு ஒன்று, அவள் அம்மை சீதனமாகக் கொடுத்தது. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். உழக்கு என்றால் இரண்டு ஆழாக்கு, கிட்டத்தட்ட 336 மில்லி. ஆனால் பழைய அளவுகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். அதனால் இவள் உழக்கில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்துப் பார்த்தேன். 328 கிராம் காட்டியது. அந்த நசுங்கலில்தான் 8 கிராம் போயிருக்கும் போல. உங்கள் வீட்டில் பழைய படியோ உழக்கோ டம்ளரோ இருந்தால், எழுதுவதற்கு முன்னால் அதை இப்படி அளந்துவிடுங்கள். எங்கள் பெரியம்மா 'ஒரு டம்ளர்' என்று சொல்லிக் கொடுத்த அதிரசம் பத்து வருஷமாக எனக்கு வராமல் இருந்ததற்குக் காரணம், அவள் டம்ளர் பெரியது என்பதுதான்.

கை அளவை அளப்பது இன்னும் கஷ்டம். "எவ்வளவு உப்பு ஆச்சி?" என்றால் கையைக் காட்டுவாள். "கையில போட்டுக் காட்டுங்க, தராசுல வைக்கணும்" என்றால், அளவு மாறிப்போய்விடும். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தாலே கை யோசிக்க ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். சமைப்பதற்கு முன்னால் உப்புச் சாடி, எண்ணெய்த் தூக்கு, மிளகாய்ப் பொடி டப்பா எல்லாவற்றையும் எடைபோட்டுக் குறித்துவிடுவேன். அவள் பாட்டுக்குச் சமைப்பாள். முடிந்ததும் மறுபடி எடைபோட்டால், குறைந்ததுதான் அளவு. 800 ரூபாய்த் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டினால் சரி. இப்படி ஆறு தடவை ஆச்சி பருப்புக்குழம்புக்குப் போட்ட உப்பை அளந்தேன்: 11, 12, 11, 11, 12, 11. ருசியும் வாசமும் சரியாகத் தெரியாத காலத்தில் போட்ட உப்பு இது. தராசைக் காட்டினபோது, "பின்னே, நேத்தைக்கா போடுதேன்?" என்றாள்.

தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பான சொதிக்கு வருகிறேன். இதில்தான் நான் நிறைய அடிபட்டது. திருநெல்வேலிக் கல்யாணங்களில், கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்தில் சொதி இருந்தே ஆக வேண்டும். மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். புளி இல்லை, மிளகாய்ப் பொடி இல்லை. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கடைசியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். 2022இல் தம்பிக்குக் கல்யாணம் முடிந்து, புதுப்பெண்ணும் அவள் வீட்டாரும் சென்னையில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை சாப்பிட வந்தார்கள். 14 பேர். நான் சொதி வைத்தேன். அளவெல்லாம் ஆச்சி நோட்டுப்படி, கிராம் சுத்தம். முதல் பாலை ஊற்றினேன், அந்த நேரம் வாசலில் ஆள் வந்த சத்தம் கேட்டுப் போனேன், "வாங்க, வாங்க" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால், சொதி கொதித்துக்கொண்டிருந்தது. பதற்றத்தில் அப்படியே எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். ஐந்து நிமிடத்தில் பால் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீரும் நடுவில் திப்பித்திப்பியாகத் தேங்காயும் நின்றது. அதைத்தான் பரிமாறினேன். அவர்கள் பெரிய மனதோடு சாப்பிட்டார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஆச்சிக்கு ஃபோன் செய்து சொன்னேன். "கொதிக்க விட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஊருக்குப் போனபோது பக்கத்தில் நிறுத்தி மறுபடி கற்றுக்கொடுத்தாள். ஆறு பேருக்கு இரண்டு தேங்காய். துருவி அரைத்து, அரை உழக்கு வெந்நீர் விட்டுப் பிழிந்தது முதல் பால். மறுபடி ஒரு உழக்கு விட்டு இரண்டாம் பால், இன்னொரு உழக்கு விட்டு மூன்றாம் பால். 60 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெயில் வெங்காயமும் காய்களும் வதக்கி, மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும். 8 பச்சை மிளகாய், 25 கிராம் இஞ்சி அரைத்த விழுதை இந்தக் கட்டத்தில் சேர்த்தால்தான் பச்சை வாசம் போகும். அப்புறம் பருப்பு, இரண்டாம் பால். இது வரைக்கும் கொதிக்கலாம், தப்பில்லை. முதல் பால் ஊற்றின பிறகுதான் கதை மாறுகிறது. "சொதி மூச்சு விடலாம், பேசக்கூடாது" என்றாள் ஆச்சி. பானையின் ஓரத்தில் மட்டும் முத்து முத்தாக நுரை கட்டும், நடுவில் லேசாக ஆவி போகும். அதுதான் மூச்சு. நடுவில் ஒரு குமிழ் வந்து 'ப்ளக்' என்று உடைந்தால் பேச ஆரம்பித்துவிட்டது, உடனே இறக்க வேண்டும்.

காரணமும் தெரிந்துகொண்டேன். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கிற எண்ணெய்த் துளிகள்தான். அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் பிரித்து வைத்திருப்பது தேங்காயில் இருக்கிற புரதம். சூடு 80 டிகிரியை எட்டும்போது அந்தப் புரதம் சுருங்கித் திரள ஆரம்பிக்கிறது, எண்ணெய் தனியாகக் கழன்றுகொள்கிறது. புளிப்பும் இதே வேலையைச் செய்யும். நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருக்கிறேன். எலுமிச்சையை, இறக்கிவைத்து, விரலை உள்ளே விட்டால் மூன்று எண்ணும் வரை தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகுதான் பிழிய வேண்டும். கூட்டம் பெரியது, அடுப்பை விட்டு நகர வேண்டியிருக்கும் என்றால், முதல் பாலில் ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்துவிடுங்கள், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடைப் பாக்கெட் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் திரியாமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், கொதித்தாலும் நிற்கும். அவசரத்துக்கு நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஊற்றும்போது வருகிற அந்தப் பச்சைத் தேங்காய் வாசம் அதில் இல்லை, அது இல்லாத சொதி எனக்கு வெறும் கூட்டு மாதிரிதான் இருக்கிறது.

சொதியில் பட்டை, கிராம்பு போடலாமா என்பதில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆச்சி போட மாட்டாள். பாளையங்கோட்டை அத்தை ஒரு துண்டுப் பட்டையும் இரண்டு கிராம்பும் தாளிப்பாள், "அண்ணிக்கு என்ன தெரியும், எங்க அம்மை அப்படித்தான் வைப்பா" என்பாள். ஆச்சி கல்யாணமாகி வந்தது அத்தையின் அம்மா வீட்டுக்குத்தான். அந்த மாமியாரிடம் கற்றுக்கொண்டதா, இல்லை தன் அம்மையிடம் கற்றதையே ஆச்சி வைத்துக்கொண்டாளா என்று கேட்டால், ஆச்சி சிரிப்பாள், பதில் வராது. நான் நோட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, யாருடையது என்று பெயர் போட்டிருக்கிறேன். எது சரி என்று தீர்ப்பு எழுதினால் ஒரு வீட்டின் ருசி தொலைந்துபோகும்.

மற்றவற்றில் பெரிதாகச் சொல்ல இல்லை. புளிக்குழம்பு, நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை கொதித்தால் போதும், மறுநாள்தான் அதற்கு உயிர். கூட்டாஞ்சோற்றுக்கு முருங்கைக்கீரையை இறக்குவதற்கு முன் போட வேண்டும். இட்லிக்கு அம்பை 16 அரிசிதான் என்பாள் ஆச்சி, எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம் என்ற பெருமையும் அதில் கலந்திருக்கிறது.

நீங்களும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதப் போகிறீர்கள் என்றால், ஒன்று சொல்வேன். "எப்படிச் செய்யணும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் இரண்டு வரிதான் இருக்கும்: "வறுத்து, அரைச்சு, கொதிக்க விடணும், வேற என்ன?" அதற்குப் பதிலாக "இது எப்பக் கெட்டுப்போகும்?" என்று கேளுங்கள். ஆச்சியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். அரிசி பழசானால் என்ன ஆகும், தேங்காய் முற்றினால் என்ன செய்ய வேண்டும், மழை நாளில் உளுந்து ஏன் ஊறப் பிந்தும், எல்லாம் வரும். அப்புறம், காணொளி எடுத்தால் முகத்தை எடுக்காதீர்கள், கையை எடுங்கள். பாட்டுப் போடாதீர்கள். தாளிக்கிற சத்தம் அதில் பதிவாக வேண்டும். என்னிடம் ஆச்சி கடுகு தாளிக்கிற 40 விநாடி ஒன்று இருக்கிறது, கடுகு வெடித்து அடங்கி, உளுத்தம்பருப்பு போட்டதும் சத்தம் மாறுவது அதில் துல்லியமாகக் கேட்கும். அளவு எதுவும் எழுதத் தேவையில்லாத குறிப்பு அது.

இப்போது ஆச்சிக்கு 80 தாண்டி சில வருஷங்கள். எலுமிச்சையும் கிராம்பும் திரும்பி வந்துவிட்டன, காப்பியும் பரவாயில்லை. எள்ளு இன்னும் வரவில்லை. அம்மா அவளோடு இருக்கிறாள், நான் சென்னையில். ஞாயிற்றுக்கிழமை நான் உளுந்தம்பருப்புச் சோறு வைத்தால், துவையலுக்கு எள்ளை வறுக்கும்போது ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைப்பேன். 600 கிலோமீட்டருக்கு அப்பால் ஆச்சி காதில் வைத்துக் கேட்பாள். குக்கரை முன்கூட்டியே இறக்கிவிடுவேன், ஃபேனையும் நிறுத்திவிடுவேன்.

போன வாரம் என் மகள் அகப்பையைப் பிடித்தாள். அவளுக்கு 9 வயது. எள் ஒன்று வெடித்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் மழை மாதிரி பிடித்துக்கொண்டது. "ஆச்சி, வாசம் வருது" என்று அவள் ஃபோனைப் பார்த்துச் சொன்னாள்.

"என்ன வாசம்ட்டி?"

மகள் மூக்கைச் சட்டிக்கு மேல் கொண்டுபோய் யோசித்தாள். "கோயில்ல விளக்கு ஏத்துவாங்கல்ல, அந்த எண்ணெய். ஆனா சூடா."

ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சட்டியில் படபடப்பு குறைய ஆரம்பித்தது.

"சரி, இப்ப அணை" என்றாள் ஆச்சி.